வாக்குச்சீட்டும் தீர்மான நோட்டும்

மகாராஜபுரம் என்று சொன்னவுடனே சங்கீத ரசிகர்களுக்குத் தஞ்சை ஜில்லாவும் விசுவநாதையரின் சாரீரமும் ஞாபகத்துக்கு வந்துவிடும். வெளியூரில் உத்தியோகம் பார்த்த காலத்தில், "ஓகோ, அந்த மகாராஜபுரமா?" என்று கண்கள் விரியக் கேட்டவர்களிடம், "இல்லை ஐயா, இது சதுரகிரி மலையடிவாரத்து மகாராஜபுரம்" என்று சொல்லி அவர்களுடைய உற்சாகத்தைக் குறைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது எங்கள் ஊர். ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்கத் தாணிப்பாறைக்குப் போகிற ஜனங்களுக்கு அது வழியில் தென்படும் ஒரு பெயர்ப்பலகை; எங்களுக்கோ நெல்லும் தென்னையும் மாந்தோப்பும் கண்மாயும், அந்தக் கண்மாய்த் தண்ணீரைப் பற்றிய ஓயாத விவகாரமுமாக ஒரு முழு உலகம்.

ஜனநாயகம் என்னும் பெரிய வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே அதன் காரியம் என் கண்ணில் பட்டுவிட்டது. வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாட்டின்படி நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1952ஆம் வருஷத் தொடக்கத்தில், எங்கள் அப்பத்தா வாக்களிக்கப் போனபோது, ஆறேழு வயதுப் பையனாக நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். தாத்தாவுக்கு இந்த அநுபவம் புதிதன்று. நிலவரி கட்டுகிறவர் என்ற தகுதியில் 1937லேயே காங்கிரஸின் மஞ்சள் பெட்டியில் சீட்டுப் போட்டவர் அவர். ஆகையால் அந்த விஷயத்தில் வீட்டிலே ஏகபோக பாண்டித்தியம் தமக்குத்தான் என்ற பாவனையில், ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு பெட்டி இருக்கும், பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும், திரைக்குப் பின்னால் போய்க் காளைமாட்டுப் படம் ஒட்டிய பெட்டியைத் தேடி அதிலே சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியது என்று, வாசற்படியிலிருந்து சாவடி வரைக்கும் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

சாவடியில் இருந்த உத்தியோகஸ்தர் பெயரைக் கேட்டபோது, அப்பத்தா ஒரு கணம் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் பெயரைத்தான் அவள் வாயால் சொல்லமாட்டாளே தவிர, தன் பெயரைச் சொல்வதில் என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுடைய பெயரை முழுசாக, அதிலும் அவள் வாயால், அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். வடநாட்டுப் பிரதேசங்கள் சிலவற்றில் பெண்கள் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதிக்கொடுத்துச் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்ததனால், ஏறக்குறைய 28 லட்சம் பேரைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஆயிற்று என்பதை வெகுகாலத்துக்குப் பின் படித்தபோது, அப்பத்தாவின் அந்த ஒரு கணத் தயக்கத்துக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பது தெரிந்தது.

திரைக்குள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், வழியிலேயே தாத்தா மெள்ளக் கேட்டார்: "சொன்ன பெட்டியிலதானே போட்ட?"

"அதை எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்? யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே திரை கட்டி வச்சிருக்கு?"

தாத்தா அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசவில்லை. அப்பத்தாவும் அதை ஒரு பொருட்டாகக் கருதியதாகத் தெரியவில்லை. எந்தப் பெட்டி என்பது அவள் காலம் முடியும்வரை வெளியாகவே இல்லை.

அந்தத் தேர்தலில்தான், எங்கள் பக்கத்து ராஜபாளையத்தில் பிறந்து, 1949 ஏப்ரலிலிருந்து சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாகவும் குடியரசு ஏற்பட்டபின் முதல் மந்திரியாகவும் இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, சொந்தச் சீமையான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றுப்போனார். ராஜ்யத்தையே நிர்வகித்துக்கொண்டிருந்தவரை, கைநாட்டு வைக்கிற ஜனங்கள் சீட்டுக் காகிதத்தினால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி, பெரியவர்களுக்கு ஒரு பக்கம் துக்கமாகவும் மறுபக்கம், வெளியே சொல்லிக்கொள்ளாத ஒருவகைச் சந்தோஷமாகவும் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவரோ மனம் கசந்து ஒதுங்கியவரல்லர். பிற்பாடு ஒரிஸ்ஸாவின் கவர்னராகப் போனார். ராஜபாளையத்தில் தாம் வசித்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்த மன்றத்தின் முன்னால் பஸ்ஸில் போகும்போதெல்லாம், வெற்றி பெற்றவர்களைக் காட்டிலும் தோற்றவர்களின் நடத்தையைத்தான் இளம்பிள்ளைகளுக்கு அதிகமாகச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இன்றையத் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கு இது புராதன காலத்துக் கதைபோல இருக்கலாம்.

எனக்கு வாக்குரிமை வந்தது இருபத்தொரு வயதுக்கு மேல்தான். அன்றையச் சட்டம் அப்படி. மதுரையில் காலேஜ் படிப்பு முடிந்திருந்த சமயம். 1965 ஜனவரியில் மதுரை வீதிகளில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் திரண்டெழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆகவே 1967 பிப்ரவரியில் வாக்குச்சாவடி வரிசையில் நின்றபோது, தேசத்தின் சரித்திரத்தையே நாங்கள்தான் எழுதப்போகிறோம் என்ற இறுமாப்பு எங்கள் வயதுப் பையன்களுக்கு இருந்தது. ஆள்காட்டி விரலில் வைத்த மைசூர் மையை, அழியாது என்று சொல்கிறார்களே பார்ப்போம் என்று, ஒருவன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்தவன் தோல்தான் சிவந்தது.

முடிவுகளைக் கேட்டது பஞ்சாயத்து ரேடியோவில். மற்ற நாட்களில் விவசாயிகள் நிகழ்ச்சியும் சினிமாப் பாட்டுமாக முழங்குகிற அந்தப் பெட்டியைச் சுற்றி அன்றைக்கு நின்ற கூட்டத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. விருதுநகரில் காமராஜர் தோற்றார், தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 வாக்கு. கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் முதலில் கத்தினார்கள். பிறகு பெரியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடம் தொறந்து விட்டவரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே தோக்கடிச்சிருச்சு" என்றார். கொஞ்சம் நடந்து போனவர் திரும்பி, "ஆனா, அதுக்குத்தானேப்பா தொறந்தது?" என்றார்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கை தட்டுவார்கள். ஆனால் கை தட்டுகிற இளைஞர்களிடம் அடுத்தாற்போல நான் கேட்கும் கேள்விக்குப் பதில் வருவதில்லை: "உங்கள் வார்டு உறுப்பினர் யார்?"

சட்டசபைத் தேர்தலுக்கும் பார்லிமெண்ட் தேர்தலுக்கும் இளைஞர்கள் வருவதில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ள நியாயமில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து வாக்களித்துவிட்டு, விரலைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கான வாக்குகளில் ஒன்றாகக் கரைகிற அந்தச் சீட்டுக்கு இவ்வளவு உபசாரம் செய்கிறவர்கள், சில நூறு வாக்குகளில் ஒன்றாக நின்று தெருவிளக்கையும் குடிதண்ணீர்க் குழாயையும் தீர்மானிக்கிற சீட்டை ஏன் அலட்சியம் செய்கிறார்கள்? நெடுநாள் நானும் இதை இளைஞர்களின் மேல் வைத்த குற்றமாகவே பேசிவந்தேன். பிற்பாடு வருஷங்களைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது குற்றவாளிகள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

1970இல் எங்கள் பக்கங்களில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபோது நான் புதிதாக வேலையில் சேர்ந்த வாத்தியார். எனக்கு உறவில் பெரியப்பா முறையாகிற ஒருவர் வார்டு உறுப்பினர் ஸ்தானத்துக்கு நின்றார். பிரசாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாயங்காலம் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுந்து வருவதுதான். எந்த வீட்டில் எத்தனை வாக்கு, அதில் எது உறுதி, எது ஆட்டம் என்பதை அவர் கைவிரல் மடக்கிச் சொல்லுவார். அப்படிச் சொன்ன கணக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசத்தில் தோற்றார். ராஜபாளையத்து மில் ஒன்றில் வேலையாக இருந்த அவருடைய சொந்தத் தங்கை பிள்ளைகள் ஷிப்டு மாற்றிக்கொள்ளச் சோம்பல்பட்டு வராமல் இருந்துவிட்டார்கள் என்பது மறுநாள் வெளியாயிற்று. பெரியப்பா அவர்களைத் திட்டவில்லை. "முறைத்தண்ணி நம்ம வயலுக்குத் திரும்புற ராத்திரி மடையில ஆள் இல்லேன்னா, தண்ணி நமக்காகக் காத்துக்கிட்டா நிக்கும்?" என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன்கள் இருவரும் அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிச்சயம் வந்திருப்பார்கள். ஆனால் அந்த அடுத்த தேர்தல் 1986இல்தான் வந்தது. பதினாறு வருஷம்! பையன்கள் நாற்பதைத் தொடும் குடும்பஸ்தர்கள் ஆகிவிட்டார்கள். பெரியப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

1986க்குப் பிறகு மறுபடியும் பத்து வருஷம் பொறுத்து, 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்து கட்டாயப்படுத்தின பிறகுதான், 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. வீட்டுக்கு மிக அருகில் உள்ள வாக்குரிமையை ஒரு தலைமுறைக்கு ஒரு தரம் காட்டிவிட்டுப் பூட்டி வைத்துக்கொண்டு, இளைஞர்களுக்கு ஸ்தல ஸ்தாபனங்களில் அக்கறை இல்லை என்று நாம் உபந்நியாசம் செய்துகொண்டிருந்தோம். பழக்கம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதனால் வருவது. செய்ய இடம் கொடாதவர்கள் பழக்கம் இல்லையே என்று அங்கலாய்ப்பது எந்த ஊர் நியாயம்?

இடையிலே ஒரு நல்ல காரியம் நடந்தது. 61ஆவது திருத்தத்தினால் 1989 மார்ச் மாதம் முதல் வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாயிற்று. முந்தைய வருஷம் என்னிடம் ப்ளஸ் டூ முடித்துப் போன பையன்கள் அந்த நவம்பர் பார்லிமெண்ட் தேர்தலில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். "சார், நீங்க முன்னால வாங்க" என்று ஒருவன் விலகி நின்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவனுக்கும் எவ்வளவோ ஏற்றத்தாழ்வு உண்டு. அந்த வரிசையில் கிடையாது என்பதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியத்தை நான் உணர்ந்தேன். அவன் அதை மரியாதைக் குறைவென்று நினைத்து வெகுநேரம் நெளிந்துகொண்டே நின்றான்.

1996ஆம் வருஷத் தேர்தலில் ஸ்தானங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். 2016இல் அது சரிபாதி ஆயிற்று. என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே வார்டு உறுப்பினராக வந்தாள். முதற்கூட்டத்துக்கு அவளுக்குப் பதிலாக அவள் புருஷனே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான் என்றும், எல்லோரும் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்தில் அவளே வந்தாள். புருஷனும் வந்தான். "நீங்க வெளியில இருங்க, சைக்கிளைப் பாத்துக்கிட்டு" என்று அவள் சொன்னாளாம். சைக்கிளை யார் திருடப் போகிறார்கள்! ஆனால் அவன் போய் நின்றான். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உச்சி முகர்ந்திருப்பாள்.

எங்கள் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் தலைகுனிவான ஒரு சரித்திரமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. மதுரை ஜில்லாவின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்து நான்காவது பெயராகச் சொல்லப்பட்டு வந்த கொட்டகச்சியேந்தல் எங்கள் விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்தது. தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தினால், 1996 முதல் பத்து வருஷ காலம் அந்த ஊர்களில் ஒன்று மனுப் போட விடமாட்டார்கள், அல்லது வந்தவர் உடனே ராஜிநாமாக் கொடுக்கும்படி ஆகும். 2006 அக்டோபரில்தான் அந்த நாற்காலிகளில் ஆள் உட்கார்ந்து நிலைத்தார்கள். வாக்குச்சீட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்லும் இளைஞர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். மதிப்பில்லாத ஒரு வஸ்துவை மற்றவன் கைக்குப் போகவொட்டாமல் பத்து வருஷம் யாராவது தடுத்துக்கொண்டிருப்பார்களா?

இதைவிட நாசூக்கான தடைகளும் உண்டு. சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்கு என்று எடுத்துக்கொண்டு, ஒருவரைத் தவிர மற்றவர்கள் மனுவை வாபஸ் வாங்கிவிடுகிறார்கள். சட்டம் இதை ஒப்புவதில்லை. ஊர் ஒற்றுமை என்று அதற்கு ஒரு திவ்வியமான பெயரும் வைத்துவிடுகிறார்கள். ஏலமில்லாமல் மனமொப்பி நடக்கும் போட்டியற்ற தேர்வைப் பெரியவர்கள் பலர் சிலாகிப்பதைக் கேட்டிருக்கிறேன். குஜராத்தில் 2001 முதல் அப்படித் தேர்ந்தெடுக்கும் கிராமங்களுக்குச் சர்க்காரே வெகுமானமும் கொடுத்து வருகிறது. எனக்கென்னவோ இது சம்மதமாகவில்லை. சண்டை வரக்கூடாது என்பது நியாயந்தான். ஆனால் பதினெட்டு வயது நிரம்பி முதல் வாக்குக்குக் காத்திருக்கிற பெண்ணிடம், "உனக்கும் சேர்த்து நாங்களே முடித்துவிட்டோம்" என்று சொல்ல நாலு பெரிய மனிதர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இந்த இடத்தில் யாராவது எழுந்து உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவிடுவது சம்பிரதாயம். பராந்தக சோழன் காலத்து அந்தச் சாசனங்கள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, மகத்தானவைதாம். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்துப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிச் சிறுபிள்ளையைக்கொண்டு எடுக்கச் சொன்னதும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று காரியங்களைப் பங்கிட்டதும், கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கி வைத்ததும் எவரையும் பிரமிக்கச் செய்யும். ஆனால் அந்தக் குடத்தில் நிலமும் சொந்த மனையும் சாஸ்திரப் பயிற்சியும் இல்லாதவனின் ஓலை விழவில்லை. பெண்ணின் ஓலையும் விழவில்லை. வயதும் முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது, எழுபதுக்கு மேற்படக்கூடாது. அந்தப் பிரமாணப்படி என் பேரனுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை. இன்றைக்கோ இருபத்தொரு வயதில் அவன் தலைவர் பதவிக்கே நிற்கலாம். பழம்பெருமையைவிட இது பெரிய பெருமை என்பது என் அபிப்பிராயம். குடவோலையின் ஒரு சிறு மிச்சம் மட்டும் இன்னும் இருக்கிறது. இருவர் சமமாக வாக்குப் பெற்றால் இப்போதும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். ஒரே ஒரு வாக்கினால் தோற்றவர்களும் உண்டு. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும், 2008இல் ராஜஸ்தானத்தின் நாத்துவாராவிலும் சட்டசபைக்கு நின்றவர்களுக்கே அப்படி நேர்ந்தது. நாத்துவாராவில் தோற்ற சி. பி. ஜோஷி, முதல் மந்திரியாக வரக்கூடும் என்று பேசப்பட்டவர். சட்டசபைக்கே இந்தக் கதியானால், நாலு தெருக்கள் சேர்ந்த ஒரு வார்டின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

வாக்களிப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வாக்களித்தபின் நடக்கும் காரியத்தை நம்மவர்கள் மறந்தே விடுகிறார்கள். 2011 முதல் ஜனவரி 25ஆம் தேதியை வாக்காளர் தினம் என்று கொண்டாடுகிறார்கள்; பிள்ளைகள் கையை நீட்டிப் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டு கலைந்துபோகிறார்கள். அதற்கு மறுநாளே, குடியரசு தினத்தன்று, கிராம சபை கூடுகிறது. அதற்கு அந்தப் பிள்ளைகளை யாரும் அழைத்துப்போவதில்லை. மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று வருஷத்தில் பல தடவை கூடுகிற அந்தச் சபையில், பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அங்கத்தினர். எம்.எல்.ஏ. பேசுவதற்குச் சபாநாயகரின் அநுமதி வேண்டும். இங்கே எழுந்து நின்றால் போதும்.

என் பேத்தி முறையாகிற ஒரு பெண், கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கிறவள், வேறோர் ஊராட்சியில் இருக்கிறாள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு காந்தி ஜயந்திக் கூட்டத்துக்கு நான் அவளோடு போயிருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஷாமியானா போட்டிருந்தது. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் இளவட்டங்கள் மோட்டார் சைக்கிள்களின் மேல் சாய்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்நூற்றுக்கு மேல் மூவாயிரம் வரை ஜனத்தொகையுள்ள ஊராட்சிக்குக் குறைந்தது நூறு பேர் வரவேண்டும், பத்தாயிரம் வரையானால் இருநூறு பேர் வரவேண்டும் என்பது விதி. ஆகவே கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னமேயே தீர்மான நோட்டு கைக்குக் கை மாறிக் கையெழுத்து ஏறிக்கொண்டிருந்தது. காப்பியும் மிக்சரும் ஒரு பக்கம் வந்துகொண்டிருந்தன. நோட்டு என் பேத்தியிடம் வந்தபோது அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்தைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அடுத்திருந்த அம்மாள், "போட்டுக் குடு தாயி, காப்பி ஆறுது" என்றாள்.

"இருங்க சித்தி" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "சார், மூணாவது தீர்மானத்துல வாய்க்கால் தூர்வாரின செலவை அங்கீகரிக்கிறதா இருக்கு. எந்த வாய்க்கால்?"

"எல்லாந்தாம்மா" என்றார் ஊராட்சிச் செயலர். நல்ல மனிதர், வெயிலில் களைத்துப்போயிருந்தார்.

"அப்ப எங்க தெரு வாய்க்காலும் இதுல சேத்தியா? நேத்துத்தான் அதுக்குள்ள எங்க ஆட்டுக்குட்டி விழுந்து, வெளிய எடுத்துக் குளிப்பாட்டினோம்."

முன்வரிசையில் பெரிய சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும் இன்னொரு பெண் தன் தெருவைச் சொன்னாள். வேறொருத்தி மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டாள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் கிட்ட வந்து நின்றார்கள். செயலர் கடைசியில், இந்தந்தத் தெருக்கள் என்று பெயர்களைக் குறித்து, மீதித் தெருக்கள் பாக்கி என்று தீர்மானத்தைத் திருத்தி எழுதினார். ஆகாயம் இடிந்து விழவில்லை. ஒருவர் மேல் ஒருவர் பாயவும் இல்லை. அரைமணி நேரத்துக்குள் முடிந்துபோன விஷயம். வாய்க்கால் அந்த மாதமே சுத்தமாகிவிட்டது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். பொங்கலை ஒட்டித்தான் தூர்வாரினார்கள். ஆனால் அடுத்த கூட்டத்தில் நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் குறைந்திருந்தார்கள் என்று அவள் சொன்னாள்.

இப்படிப் பழக்கம் கூடிவரும் நேரத்தில்தான் மறுபடியும் கதவு சாத்தப்படுகிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பினால் நின்று, எங்கள் ஜில்லா உட்பட இருபத்தேழு ஜில்லாக்களின் கிராமங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டுகளைக் கையில் வாங்கியபோது என் மூத்த பேரன் அவற்றை விசிறிபோல விரித்துப் பார்த்துச் சிரித்தான். அப்படி வந்த பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போயிற்று. அவர்களில் சிரத்தையுள்ளவர்கள் இருக்கலாம், இருக்கிறார்கள். ஆனால் தெருவில் விளக்கு எரியாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார முடியாது.

இளைய பேரனுக்கு இப்போதுதான் பதினேழு முடிந்திருக்கிறது. முன்னெல்லாம் ஜனவரி முதல் தேதி ஒன்றை மட்டும் கணக்காக வைத்து வயதைப் பார்ப்பார்கள். பிப்ரவரியில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தேதிகள் ஆக்கியதோடு, பதினேழு முடிந்தவர்கள் முன்கூட்டியே மனுச் செய்யலாம் என்றும் வைத்துவிட்டார்கள். ஆறாம் எண் படிவத்தை அவன் கைப்பேசியிலேயே நிரப்பினான். பிறந்த தேதிச் சான்றுக்காக மட்டும் வீட்டுப் பீரோவைக் கவிழ்க்க வேண்டியதாயிற்று. அனுப்பிவிட்டு, "தாத்தா, பஞ்சாயத்துக்கு எப்ப ஓட்டு?" என்று கேட்டான். வரும் என்றேன். "வர்ற வரைக்கும் என்ன செய்ய?" என்றான். கிராம சபைக்குப் போகலாமே என்று சொன்னேன்.

அதற்காக அவனும் அவன் கூட்டாளிகளும் திண்ணையில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். முதலாவது, ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டம் விட்டுப்போகும் குப்பையை அப்புறப்படுத்துகிற செலவு யாருடையது என்பது. இரண்டாவது, நூலகம் சாயங்காலம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது. இரண்டும் நல்ல கேள்விகள் என்று சொன்னேன். மூன்றாவது கேள்வியில் கோபம் அதிகமாக இருந்தது. வார்த்தையைக் கொஞ்சம் தணித்து எழுதக்கூடாதா என்று கேட்டதற்குப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க வேணா உங்களுக்குத் தனியா ஒரு கேள்வி எழுதிக்கோங்க தாத்தா, கூட்டத்துல உங்களுக்கும் பேச உரிமை இருக்குல்ல" என்றான் பேரன். மூன்றாவது கேள்வி எழுதினபடியேதான் இருக்கிறது.